வலது காதுக்கு ஒரு சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன்னால், நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் நாமக்கல்லில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்து வந்த வாரத்தில்தான் இது ஆரம்பித்தது. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வெல்டிங் வைப்பது, தகடு அடிப்பது எல்லாம் செய்வேன். அதோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. நான் ஒரு பகுதி நேர ராணுவ வீரன். வெளியில் வேறு தொழிலில் இருப்பவர்கள் வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போய்வருகிற படைப்பிரிவு எங்களுடையது. பதினோரு வருடம் அப்படிப் போய்வந்தேன். பட்டறையில் எனக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர். முகாமில் ‘லாரி’ என்று கூப்பிடுவார்கள். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன.

ஒன்பதாவது வருட முகாமில் ஒரு நாள் காலை மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். பயிற்சிக்காக வைத்திருந்த வெடி, நாங்கள் விலகுவதற்குள் வெடித்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. திரி கொஞ்சம் வேகமாகப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். வேறு ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வெடி என் வலது பக்கத்தில் இருந்தது. காதுக்குள் கம்பியை விட்டது போல ஒரு வலி. பிறகு ‘கொய்ங்’ என்று ஓயாத ஒரு சத்தம். தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம்.

அதற்கு மூன்றாம் நாள் துப்பாக்கி சுடும் போட்டி. எங்கள் அணிக்கு நான்தான் தலைவன். கொஞ்சம் பஞ்சு வாங்கி அடைத்துக்கொள்ளலாம் என்று முகாமின் மருத்துவ அறைக்குப் போனேன். அங்கே மருத்துவ உதவியாளராக ஒரு ஹவில்தார் இருந்தார். சேலம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்துவிட்டு, “ஜவ்வு கிழிஞ்சாப்ல இருக்குதுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், கெளம்புங்க” என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. பின்னால் ஐந்தாறு பேர் மாத்திரைக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் கத்தினேன். “ஊசி போடத் தெரிஞ்சுட்டா டாக்டர் ஆயிருவீங்களா?”

அவர் முகம் சுருங்கிப்போனது. பஞ்சும் வலி மாத்திரையும் கொடுத்தார். “தண்ணி படாமப் பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினோம். பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

காதுச் சத்தம் நிற்கவே இல்லை. யார் எது சொன்னாலும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்பது பழக்கமாகிப்போனது. குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றியது. நடுவில் வந்த முகாமையும் சேர்த்து இரண்டு வருடம் அப்படியே சமாளித்தேன். ஒரு நாள் பட்டறையில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த முகாமில் உடல் பரிசோதனை செய்தபோது குட்டு வெளிப்பட்டது. வலது காது ஏறக்குறைய செவிடு. துப்பாக்கி தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படைப்பிரிவு அலுவலகத்தின் தலைமை கிளார்க் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்’ என்று அதில் ஒரே ஒரு வாக்கியம்.

“மெடிக்கல் போர்டு வேண்டும், சார்” என்றேன். மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து ஒரு வீரனின் உடல்நிலையைப் பரிசோதித்து, அவனைப் பணியிலிருந்து விடுவிக்கலாமா, அவனுடைய குறை ராணுவப் பணியால் வந்ததா என்று தீர்மானிக்கும் குழு அது. பணியால் வந்தது என்று எழுதிவிட்டால் ஆயுளுக்கும் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு, ஊனத்துக்கான ஓய்வூதியமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று நான் பொய் எழுதித்தர வேண்டியதில்லை.

கிளார்க் நல்ல மனிதர்தான். வெளி மாநிலத்துக்காரர். இந்தியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முகாமில் அடிபட்டதற்கு என்ன காகிதம் இருக்கிறது? ஊரில் நான் செய்வதோ சுத்தியல் வேலை. பட்டறைச் சத்தத்தில் போன காது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். வீணாக எதற்கு அலைச்சல்? அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. யோசிக்க ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, காகிதத்தோடு ஊருக்கு வந்தேன்.

என் மனைவி இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டன். சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“எங்க ஆஸ்டல்ல ஒரு புள்ளைக்குத் தலவலி மாத்திர குடுத்தாக்கூட நோட்டுல ஏத்தாம உடமாட்டோமுங்க. உங்க முகாம்ல மட்டும் சும்மாவா மாத்திர குடுத்திருப்பாங்க? அந்த ஹவில்தாரு எழுதியிருப்பாரு. போயிக் கேளுங்க.”

இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. உடனே கிளார்க்குக்கு போன் செய்தேன். அவர் விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னார்: மருத்துவ அறையின் பழைய பதிவேடுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தேதி தெரிந்தால் தேடலாம். எழுதின ஆளும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எனக்கு மாதம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது, அதுவும் குத்துமதிப்பாக.

“அவரத்தான் நேர்ல பாக்கோணும்” என்றாள் மனைவி.

“அவரு எங்கூடப் பேச மாட்டாரு.”

“ஏனுங்க?”

அதுவரை மறைத்து வைத்திருந்ததை அப்போது சொல்லவேண்டியதாகிவிட்டது. “அப்ப மொதல்ல மன்னிப்பு கேட்டுப்போட்டு வாங்க. காகிதமெல்லாம் பொறகு” என்றாள்.

பழைய நண்பர் ஒருவர் மூலம் விசாரித்தேன். அந்த ஹவில்தார் சேலம் சூரமங்கலத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலையில் இருக்கிறார் என்று தெரிந்தது. பஸ் ஏறிப் போனேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போய் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்து உள்ளே நுழைந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அட, லாரி. வாங்க, வாங்க. காது எப்புடி இருக்குது?”

நான் பதில் சொல்வதற்குள் தன் ஸ்டூலை இழுத்து என் இடது பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் காதில் எனக்குக் கேட்கும் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னால பேசக்கூடாததப் பேசிட்டனுங்ணா. மன்னிச்சுக்கோங்க.”

“உடுங்க. வலியில இருக்கறவன் பேச்ச மனசுல வெச்சுக்கிட்டா இந்த வேலைக்கு ஆகுமுங்களா?” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். “எழுதினீங்களாங்ணா?” என்று கேட்டேன்.

“எழுதாம எப்புடிங்க? ஆனா நடந்தத நடந்தபடி எழுதியிருக்கேன். படிச்சா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், பரவாயில்லீங்களா?”

தேதியும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரக் கடைசியில்தான் அவருக்கு ஓய்வு. பொறுப்பை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் என் காதைப் பார்த்திருக்கிறார். பதிவேட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும் கடைசிப் பக்கத்தில்தான் நான் இருக்கிறேன்.

ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றுதான் கேட்டேன். அவர் கடிதமும் எழுதினார். கிளினிக்கில் லீவும் கேட்டார். “அந்தக் கட்டுல என் கையெழுத்து எனக்குத்தான் தெரியும். நானும் வாரேன்” என்றார். நான் எடுத்த டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் ரயிலில் ஏறினார்.

படைப்பிரிவு அலுவலகத்தில் தூசி தட்டிக் கட்டுகளைப் பிரித்து, ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, நான் கொண்டுபோயிருந்த கையெழுத்துப் போடாத காகிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்துப்போட்டார். மெடிக்கல் போர்டுக்கான விண்ணப்பத்தை அவரே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். அதன்பிறகு விசாரணை நடந்தது. அன்றைக்கு என்னோடு மண் மூட்டை அடுக்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து ராணுவ மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு நாள் பரிசோதனை. மூன்றாம் நாள் போர்டு. வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர், “பட்டறைன்னு சொல்லாதீங்க. ஏதாவது கடையில வேலைன்னு சொல்லிருங்க” என்று காதைக் கடித்தார். உள்ளே போகும் வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பெண் மருத்துவர்தான் தலைவர். முதல் கேள்வியே அதுதான். “வெளியில் என்ன வேலை செய்கிறீர்கள்?”

என் கையைப் பார்த்தேன். முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். “லாரி பாடி கட்டுகிறேன், மேடம். பதினாறு வருடமாக” என்றேன்.

“நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் இருக்குமே?”

“இருக்கும், மேடம். ஆனால் அந்தச் சத்தம் இரண்டு காதுக்கும் ஒன்றாகத்தானே விழும்? என் இடது காது நன்றாகக் கேட்கிறது.”

என் அரைகுறை இந்தியில் எப்படியோ அதைச் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். வலது ஜவ்வில் மட்டும் கிழிசல் இருப்பதை அவர் முந்தின நாளே பார்த்திருந்தார். பிறகு பதிவேட்டின் நகலை எடுத்து மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டினார். ‘வெடிச் சத்தத்துக்குப் பின் வலது காதில் ரத்தக் கசிவு. மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். சுடும் போட்டி இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். பஞ்சும் வலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன.’

ஹவில்தார் சொன்ன சங்கடம் அதுதான். என் வீம்பும் அந்தப் பக்கத்தில் பதிவாகியிருந்தது. நான் கத்தினது மட்டும் அதில் இல்லை.

மருத்துவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “போட்டியில் ஜெயித்தீர்களா?”

“இரண்டாம் இடம், மேடம்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பதற்றமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. ராணுவப் பயிற்சியின்போது ஏற்பட்ட காயம். மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கிளார்க் போனில் வாசித்தார். பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, இடது காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். நான் தலையாட்டியதும் பட்டறையே கைதட்டியது. முதலாளி அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டார்.

வழியனுப்பும் நாளில் கடைசியாகச் சீருடை போட்டுக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்றேன். பணியில் காயம்பட்டு விடைபெறுகிறார் என்று மைக்கில் வாசித்தபோது பதினோரு வருடக் களைப்பும் தீர்ந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். அந்த ஹவில்தாரையும் குடும்பத்தோடு கூட்டிப்போயிருந்தேன். கமாண்டிங் ஆபீசர் எனக்குக் கை கொடுத்ததும், நேராக அவரிடம் நடந்துபோய், அத்தனை பேர் முன்னாலும் ஒரு சல்யூட் அடித்தேன். “எனக்கெதுக்குங்க இதெல்லாம்” என்று கூச்சப்பட்டுக்கொண்டே அவரும் விறைப்பாக நின்று திருப்பி அடித்தார்.

அதற்குப் பிறகு ராணுவ மருத்துவமனையிலேயே ஜவ்வுக்கு ஒட்டு போட்டு ஆபரேஷன் செய்தார்கள். காது கேட்கும் கருவியும் கொடுத்தார்கள். தலைசுற்றல் போய்விட்டது, முழுதாக இல்லாவிட்டாலும் வலது பக்கம் பேசினால் இப்போது புரிகிறது. “இனி கேக்கலீன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுங்க” என்கிறாள் என் மனைவி.

நான் அவமானப்படுத்திய ஒருவர் கோபத்தில் எழுதாமல் விட்டிருக்கலாம், கூட்டியும் எழுதியிருக்கலாம். உள்ளதை உள்ளபடி எழுதி வைத்த அந்த மனிதரின் நேர்மையால்தான் என்னால் தலைநிமிர்ந்து விடைபெற முடிந்தது. அன்றிலிருந்து, எனக்குப் பிடிக்காதவர்களைப் பற்றிப் பேசும்போதுகூட உண்மைக்கு மேல் ஒரு வார்த்தை கூட்டக் கூடாது என்று முயன்று வருகிறேன்.