கடல் பார்க்கப் போன பத்துப் பெண்கள்

புளிச்சோற்றுத் தூக்குகளின் வாசமும் பத்துப் பேர் தலையில் வைத்திருந்த மல்லிகையின் வாசமும் கலந்து, ஜன்னலைத் திறந்துவிட்டும் போகாமல் அந்த வேனுக்குள்ளேயே எங்களோடு தஞ்சாவூர் வரை வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. வேனில் இருந்த ஒரே சிறுமி நான்தான்.

என் அம்மா செல்வி, திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் 'செக்கிங்' பார்த்துக்கொண்டிருந்தார். தைத்து வருகிற பனியன்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை அது. அந்த வருடம் கம்பெனி, ஆபீஸில் இருப்பவர்களை மட்டும் ஊட்டிக்கு அழைத்துப் போனது. மெஷினில் உட்காருகிற பெண்களை 'வர்றீங்களா' என்று பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அதைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "அவிங்க கூட்டிட்டுப் போகாட்டி என்னங்க, நாமளே ஒரு வேன் புடிச்சுப் போலாம்" என்றார் அம்மா.

முதல் நாள் தஞ்சாவூர், மறுநாள் தரங்கம்பாடி என்று முடிவானது. கடலைச் சேர்க்கச் சொன்னது சுனிதா. ஜார்க்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கித் தைத்துக்கொண்டிருந்த அவள், படத்தில் தவிரக் கடலைப் பார்த்ததே இல்லை என்றாள். பிறகு விசாரித்தால் என் அம்மாவும் பார்த்ததில்லை. "ஆம்பளத் தொணை இல்லாம ரெண்டு நாளா?" என்று கேட்காத வீடில்லை. அம்மா சாயங்காலங்களில் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். எங்கள் அப்பாவிடம் பேசித்தான் கடைசியாகச் சம்மதம் வாங்கினார்.

பெரிய கோயிலில் மற்றவர்கள் எல்லாம் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சுவரோரம் குனிந்து, இரண்டு கல் சேருகிற இடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தார். ரொம்ப தூரம் போய்த் திரும்பி வந்து, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற 'ஓவர்லாக்' மெஷின் ஓட்டுகிற ஜமீலாக்காவிடம், "ஒரு எடத்துலகூட 'மிஸ்டேக்' இல்லீங்கக்கா" என்றார். புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஜமீலாக்கா, "நீயே பாஸ் பண்ணீட்டயா? அப்பச் சரி" என்று சொல்லிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில்தான் வந்தது வினை. தஞ்சாவூரைத் தாண்டுவதற்கு முன்பே, அப்பாவுக்குப் பழக்கமான அந்த டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, உங்கூட்டுக்காரர் போன் பண்ணுனாருங்க. கடலுக்கெல்லாம் வேண்டாமாம். வண்டிய நேரா திருப்பூருக்குத் திருப்பச் சொல்லீட்டாருங்க."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "கோயிலத்தான் பாத்துட்டமே, போதுமுங்க செல்வியக்கா. எதுக்குங்க வம்பு?" என்றார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சுனிதாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, அப்பாவுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, டிரைவர்கிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

அப்பா பேசியது எனக்கும் கேட்டது. "ஏம்புள்ள, தண்ணியில எறங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பத்து ஊட்டுக்கும் யாரு பதில் சொல்றது?"

"நானுங்க" என்றார் அம்மா. "ஊடு ஊடாப் போயிக் கேட்டுக் கூட்டியாந்தது நான். பதிலும் நானே சொல்றனுங்க. எல்லாத்தையும் பத்தரமாக் கொண்டாந்து சேத்தறேன்."

அம்மா போனை வைக்காமல் டிரைவரிடம் நீட்டி, "இப்ப அவருகிட்டக் கேளுங்க தம்பி" என்றார். டிரைவர் மூன்று முறை 'சரிங்க' சொல்லிவிட்டு, வண்டியைக் கும்பகோணம் சாலையில் விட்டார். அம்மாவின் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

தரங்கம்பாடியில் பழைய வளைவு வாசலுக்குள் நுழைந்து, நேரான ஒரு தெருவில் போனால், டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதை ஒட்டினாற்போலக் கடல். கோட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். கை கோத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். சுனிதா ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கத்த, 'உப்பு, உப்பு' என்று மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. அம்மா மட்டும் கரையில் நின்றபடி, ஒவ்வொரு அலைக்கும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த ஜமீலாக்கா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே மேலேறி வந்தார்.

"நான் எண்ணிக்கறேன். நீ எறங்கு கண்ணு."

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். வந்த அலை இடுப்புவரை நனைத்தபோது அவர் போட்ட கூச்சலைப் போல ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இந்த வேனையும் இத்தனை பேரையும் இந்தக் கடலையும் கொண்டுவந்து சேர்த்தது என் அம்மா என்று, அங்கே நின்றிருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு.

சொன்னபடி எல்லோரையும் அவரவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்பா வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை டீ குடிக்கும்போது, "அல எவ்வளவு ஒசரமிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அம்மா எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினார்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஷெட்டில் யாரோ அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். சுனிதா கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். ஜமீலாக்கா மகனோடு பல்லடத்தில் சொந்தமாக நாலு மெஷின் போட்டிருக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். நான் ஏற்றுமதி வேலையாகத் தனியாகவே வெளிநாடு போய் வருகிறேன். என் வீட்டில் யாரும் அதற்குத் துணை கேட்டதில்லை.

போன மாதம் வெள்ளகோவிலிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் மகளோடு வந்திருந்தார். கல்லூரியில் டூர் போகிறார்களாம், பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அப்பாவிடம் யோசனை கேட்டார்.

"எங்கூட்டுல கேளுங்க" என்றார் அப்பா, நிமிர்ந்து உட்கார்ந்து அம்மாவைக் காட்டி. "அந்தக் காலத்துலயே ஒரு வேன் ஆளுங்களக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயி, நான் தடுத்தும் கேக்காமப் போயி, அத்தன பேரையும் பத்தரமாக் கொண்டாந்தவ."

அம்மா அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊருக்குப் போறீங்க கண்ணு? அங்க கடல் இருக்குதா?"