நாலு பேர் நாடகம், ஒரு ஆள் பயணம்

2007, மே மாதத்துக் கடைசி வெள்ளி. மாலை ஐந்தரை மணிக்குக் கோயம்பேட்டில் கம்பம் பஸ் ஏறினேன். டிக்கெட் 240 ரூபாய். நாலு பேருக்குப் பதிவு செய்திருந்தோம். கண்டக்டர் சார்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சார்ட்டைப் பார்த்தார்.

"மிச்சம் மூணு பேரு எங்கம்மா?"

"வரலைங்க."

"அப்ப நல்லாக் கால நீட்டிப் படுங்க" என்று மூன்று பெயரையும் பென்சிலால் அடித்தார்.

அந்த மூவரில் ஒருவனை ஆபீஸ் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. ஒருத்திக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொருத்திக்கு நிச்சயதார்த்தம், அதையும் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் சொன்னாள், மகராசி. நாங்கள் நால்வரும் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு வருடமாக லீவு நாட்களில் சின்ன ஊர்களுக்குப் போய்ப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் போடுகிறோம். கம்ப்யூட்டர் துறையில் என்னென்ன வேலை உண்டு, அதற்கு என்ன படிக்க வேண்டும், அது உங்களாலும் முடியும் என்பதுதான் கதை. முதலில் மைக் பிடித்துப் பேசிப் பார்த்தோம், பிள்ளைகள் தூங்கினார்கள். நாடகமாகப் போட்டதும் விழித்துக்கொண்டார்கள். இந்த முறை நாலு பேர் நாடகத்தை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். செங்கல்பட்டு வரை அந்த மூவரையும் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்கப்புறம் திட்டவும் அலுத்துப்போய் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தேனி. அங்கிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை கூடவே வருகிறது. சாலையை ஒட்டித் திராட்சைப் பந்தல்கள், பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்கும் ஆட்கள். பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால் "அங்கே பார்" என்றிருப்பேன். பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பார்த்ததே பாதிதான். கம்பத்தில் டீ மூன்று ரூபாய், லாட்ஜ் அறை நூற்றைம்பது. குளித்துவிட்டு ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.

தலைமையாசிரியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தனியாவா வந்தீக? சரி, பரவாயில்ல. ஒண்ணு சொல்லீர்றேன். எங்க புள்ள ஒருத்தி, நிலோபர். பிளஸ் டூ கணக்குல இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. இன்ஜினியரிங் ஃபாரம் வாங்கி எழுதி வச்சிருக்கா. திங்கக்கிழமை கடைசி நாளு. அவுக அத்தா கையெழுத்துப் போடல. கோயமுத்தூருக்கெல்லாம் அனுப்ப மாட்டேங்கிறாக. நாடகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்னு இன்னைக்கு வந்திருக்காக. நீங்கதான் பாத்துக்கிடணும்."

அடக் கொடுமையே, ஒரு பிள்ளையின் படிப்பு என் நடிப்பிலா தொங்குகிறது! இந்தப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்கள். நிலோபரின் அத்தா மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏலக்காய் வியாபாரி.

பத்தரைக்குத் தொடங்கினேன். ஆள் இல்லாத குறைக்கு வந்திருந்த பிள்ளைகளையே மேடை ஏற்றினேன். ஒருத்தி சர்வர், ஒருத்தி புரோகிராம் எழுதுகிறவள், ஒருத்தி நெட்வொர்க். எழுதியவள் ஒரு ரயில் டிக்கெட் கொடுக்கும் மிஷினைச் செய்கிறாள், மூன்று பிள்ளைகள் கைகோத்து நின்றால் அதுதான் மிஷின். டெஸ்டிங்குக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். "மருமக வச்ச குழம்புல மாமியா குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரி வேலை. அதுக்குச் சம்பளமும் தர்றாங்க" என்றதும் ஒரே சிரிப்பு. கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலோபர் எழுந்து வந்தாள்.

மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அக்கா, இதுக்கு ஊரு பேரே சொல்லாமக் காச மட்டும் குடுத்தேன். டிக்கெட் தந்திருச்சு. எந்த ஊருக்குன்னு அதுக்கே தெரியல" என்றாள்.

இரண்டு வருடத்தில் பதினெட்டு ஊரில் போட்ட நாடகம். அந்த ஓட்டையை எங்கள் நால்வரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. சபாஷ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அத்தாவைப் பார்த்தேன், கட்டிய கையை அவிழ்த்திருந்தார். என் சந்தோஷத்துக்கு அளவில்லை.

கடைசிக் காட்சியில் வேலைக்குப் போன மகளுக்கு ஊரிலிருந்து அப்பா போன் பண்ணுவார். அப்பா வேஷத்துக்கு வந்திருந்த அப்பாக்களில் ஒருவரைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். எழுதிக் கொடுப்பதில்லை, அவர்களுக்குத் தோன்றியதைக் கேட்பார்கள். எங்கு போனாலும் சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது என்ற இரண்டு கேள்விதான். மகள் வேஷம் எனக்கு. நான் பதில் சொல்வேன், எல்லாரும் கை தட்டுவார்கள். நான் வேண்டுமென்றே நிலோபரின் அத்தாவைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரத்தனம் பண்ணுவதாக எனக்கு நினைப்பு.

அவர் மேடையேறிக் காதில் கையை வைத்துக்கொண்டார். "சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்த்தா."

"யாரு கூடச் சாப்பிட்ட?"

எந்த ஊரிலும் யாரும் கேட்காத கேள்வி. வேளச்சேரியில் என் அறை, ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்று முடிக்கிற தட்டு, இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நடிக்க மறந்துவிட்டேன்.

"யாரும் இல்லத்தா. தனியாத்தான்."

"தெனமுமா?"

"தினமும்தான்" என்றேன். குரல் உடைந்தது. கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துப் பலமாகக் கை தட்டியது. அவர் தட்டவில்லை. மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தார்.

கீழே இறங்கியதும் என்னிடம் வந்தார். "வீட்டுக்கு வாங்கம்மா. எங்க கூட ஒரு வா சாப்பிட்டுப் போங்க."

மதியம் இரண்டு மணி. நெய்ச்சோறு, கறிக்குழம்பு, கத்தரிக்காய் பச்சடி. நிலோபரின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து "வெக்கப்படாமச் சாப்புடு ஆத்தா" என்று அள்ளி அள்ளி வைத்தார். நிலோபர் தண்ணீர் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஃபாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஹாஸ்டலில் முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள், தனிமையே இருக்காது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க பொய் சொல்லாமச் சொன்னீக. அதுக்கு ரொம்ப நன்றிம்மா. நான் வாரத்துல நாலு நாளு மலைக்கு மேல வண்டன்மேட்டு ஏலக்கா ஏலத்துல கெடக்குறவன். ஏலம் முடிஞ்சதும் அங்கன ஒரு ஓட்டல்ல செவுத்தப் பாத்துத் திம்பேன். இருவது வருசமாச்சு. அது எப்படின்னு எனக்குத் தெரியும். எம்புள்ளைக்கு அது வேணாம். இங்கனயே காலேஜுல கணக்குப் படிக்கட்டும். மத்தியானம் வீட்டுச் சோறு."

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பாசமாகச் சொன்னார். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

கை கழுவும் இடத்தில் நிலோபர் துண்டோடு நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரு பேரு சொல்லிருக்கலாம்லக்கா. எந்தப் பேராச்சும்."

"தோணலைம்மா" என்றேன். அது உண்மைதான். கூடச் சாப்பிட்டதாகச் சொல்ல ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை. அவள் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு உத்தமபாளையம், கோம்பை வழியாகத் தேவாரம் பஸ். ஒன்பது ரூபாய். தேவாரம் மலையடிவாரத்து ஊர். சந்து முனையில் நின்று அண்ணாந்தால் கேரளாவின் முதுகு தெரிகிறது. பத்தரைக்கு அதே நாடகம். மிஷின் ஊர்ப் பெயர் கேட்காமல் டிக்கெட் கொடுப்பதைத் திருத்திவிட்டேன்.

போன் காட்சிக்கு ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். "ஏ புள்ள, சம்பளம் வந்துருச்சா?" என்றார். வந்துருச்சு என்றேன். "லீவு எப்ப?" தீபாவளிக்கு என்றேன். அவ்வளவுதான், போனை வைக்கப் போனார். சாப்பிட்டியா, யாரு கூட என்று இவர் கேட்கவே இல்லை.

"அப்பா, வச்சிராதீங்க. நான் சாப்பிட்டேன். நிலோபர் கூடச் சாப்பிட்டேன்."

மனுஷன் விழித்தார். ஆனால் விடவில்லை. "அது யாரு நிலோபரு?"

"என் பக்கத்து சீட்டுப்பா. டெஸ்டிங்ல இருக்கா. மிஷின் பண்ற தப்பு எங்க யாருக்கும் தெரியாது, அவளுக்குத்தான் முதல்ல தெரியும். கம்பத்துக்காரப் புள்ள."

"அட, நம்ம பக்கத்துப் புள்ளையா! அங்கன வரைக்கும் போயிருச்சா!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்பச் சரி. ரெண்டு பேரும் சூதானமா இருங்க."

கூரை அதிரக் கை தட்டினார்கள். இந்த நாடகத்துக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

மதியம் போடி பஸ்ஸுக்கு நின்றபோது, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். ஒருத்தியின் கையில் சுருட்டிய ஃபாரம்.

"அக்கா, எங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. கம்பத்துப் புள்ளையே போகும்போது உனக்கென்னன்னு சொல்லிட்டாரு. அடுத்த தடவ அந்த நிலோபர் அக்காவையும் கூட்டியாங்கக்கா. நாங்க பாக்கணும்."

பஸ் வந்து நின்றது. "கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.