ரமாபாய் கண்டுபிடித்த தப்பு

எர்ணாவூர் கடலோரக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் இதுவரை யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். அதனால், துறைமுகத்தில் கப்பலேறும் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை செய்கிற பக்தவச்சலத்தின் மகள் ரமாபாய் ஒரு அலையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னக் காந்தத் தகடு ஒன்று. அதில் கரண்ட்டைச் செலுத்தினால் காந்தத்துக்குள்ளேயே ஒரு அலை ஓடுமாம். அப்படிப்பட்ட தகடு செய்ய அங்கே வசதி கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். வழக்கமாக நிறைய கரண்ட் கொடுத்தால்தான் அந்த அலை அடங்காமல் நிற்கும். ரமாபாய் போட்ட கணக்கில் கொஞ்சூண்டு கரண்ட்டுக்கே எழும்பி வளர்ந்தது. எழுதி அனுப்பினாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது.

"கரண்ட்ட வுட்டு அலைய ஆட்டி வெக்கிது நம்ம பொண்ணு!" என்று பிளாக் சங்கத் தலைவர் வல்லரசு பட்டாசு வெடித்தார். கடல் அரிப்பு இனி நின்றுவிடும் என்று பாதிப் பேர் நம்பினோம். மீதிப் பேர் அவளுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்தோம். கீழ்வீட்டுக் கன்னியம்மா தன் வீட்டு மீட்டர் வேகமாக ஓடுவதாகச் சொல்லி அவளை அழைத்துப்போய்க் காட்டினாள். ரமாபாயும் மரியாதைக்கு அந்த மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கட்டுரை அச்சாகும் முன்பே அவள் தன் கணக்கில் ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் தகட்டை முடிவில்லாமல் நீட்ட முடியாது. எங்காவது வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் அலையை உறிஞ்சிக்கொள்ள ஏற்பாடும் செய்ய வேண்டும். அவள் செய்த ஏற்பாடு போதவில்லை. போன அலை விளிம்பில் முட்டித் திரும்பி, பின்னால் வந்த அலையோடு சேர்ந்து பெருத்திருந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரையில் அலை முட்டித் திரும்புவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள், தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய பேராசிரியர் ஜெகதீசன் பதறவில்லை. "விடும்மா. இதைத் திரும்பப் போட்டுப் பார்க்க யாருக்கு நேரமிருக்கு?" என்றார். ரமாபாய் விடவில்லை. அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

கட்டுரை வராது என்ற செய்தி மட்டும் எங்கள் காதுக்கு வந்தது. போதாதா? "நம்ம பொண்ணு கண்டுபுட்ச்சத திருடிட்டானுங்க!" என்றார் வல்லரசு. ஞாயிற்றுக்கிழமையே பிளாக் வாசலில் கூட்டம் கூடியது. பல்கலைக்கழகத்தை முற்றுகையிட வேன் பேசியாகிவிட்டது. கோஷம்கூட எழுதியாயிற்று. சத்தம் கேட்டு ரமாபாய் இறங்கி வந்தாள்.

"யாரும் திருடல அண்ணே. நான்தான் தப்பா போட்டேன்."

"மெரட்டி வெச்சிக்கிறாங்க. நீ பயப்படாத கண்ணு."

"மெரட்டல. தப்பு என்னுதுதான்."

"நீ எப்டி தப்பா போடுவ?" என்று வல்லரசு அவளிடமே சண்டைக்குப் போனார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பறிகொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். அதற்கு என்ன செய்வதென்று தெரியும், வேன் பிடிப்போம். தப்பு செய்வதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பெரிய இடத்துப் பிள்ளை தப்பு செய்தால் அது அந்தப் பிள்ளையோடு போய்விடும். எங்கள் பிள்ளை செய்தால் "இதுங்க இப்படித்தான்" என்று மொத்தப் பேர் தலையிலும் விடியும். அந்தப் பயத்தில்தான் அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.

பக்தவச்சலம் மட்டும் கத்தவில்லை. மகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"எவனா கண்டுபுட்ச்சானா?"

"இல்ல நைனா. நானேதான் பாத்தேன்."

"அப்பால இன்னாத்துக்குச் சொன்ன? கம்முனு இருந்தா டாக்டர் பட்டம் வந்துருக்குமே."

ரமாபாய் அழுதுவிட்டாள். "கோட்டால வந்தவ, இன்னா தெரியப் போவுதுன்னு முதுகுக்குப் பின்னால பேசுறாங்க நைனா. எனக்குத் தெரியும்ன்றதாலதான் அந்தத் தப்பு என் கண்ணுல பட்டுச்சி. தெரிஞ்சும் மறச்சா, அவங்க சொன்னத நானே நெசமாக்குன மாதிரி ஆயிடும்."

வல்லரசு மெதுவாக, "ஒருத்தன் மேலயாச்சும் பழி போடலாமே" என்று இழுத்தார்.

பக்தவச்சலம் திரும்பினார். "இன்னாத்துக்குப் போடணும்? அவளே போட்டா, அவளே புட்ச்சா. தப்பு எம் பொண்ணுது. இதுல எவனுக்கும் பங்கு கெடையாது, போய் வேலயப் பாருங்க."

அலை கிடைத்த அன்றுகூட அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று நாங்கள் பார்த்ததில்லை.