செத்தவர்கள் எழுந்திருக்கும் வரை

கிர்ஸ்டீன் கிரீஃப் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள். கோடை வந்தால் பிணங்களிடம் திருடுவாள். மலைநாட்டுப் படையும் அரசரின் செஞ்சட்டைப் படையும் மோதிய பழைய போரை ஊர்க்காரர்கள் வருஷந்தோறும் மைதானத்தில் நடித்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் வாளும் துப்பாக்கியுமாக வீரம் காட்டி முடித்ததும், இவள் அழுக்குப் பாவாடையும் கூடையுமாக வந்து, விழுந்து கிடப்பவர்களின் பொத்தானைக் கடித்துப் பார்ப்பாள், தொப்பியை மாட்டிப் பார்ப்பாள். சனம் அதற்குத்தான் காத்திருக்கும். தளபதிகளுக்கு இதில் உள்ளூர எரிச்சல். சிரிக்க வைக்கத் தெரியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்?

போன ஆகஸ்டில் செஞ்சட்டைக்காரரான பஸ் டிரைவர் டூகல், எதிரி கிட்ட வருவதற்கு முன்பே விழுந்துவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. முட்டி வலிக்காரர்கள் ஈரமில்லாத இடமாகப் பார்த்துச் சீக்கிரமே செத்துவிடுவது அங்கே வழக்கம்தான்.

கிர்ஸ்டீன் அவருடைய ஷூக்களைக் கழற்றிக் கூடையில் போட்டாள். அவர் இடக்கையால் அவள் பாவாடையைப் பிடித்தார். வாய் கோணியது. ஏதோ குழறினார்.

"யோவ், செத்தவன் பேசக் கூடாதுய்யா!" என்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள். கூட்டம் ஹோவென்று சிரித்தது.

மறுபடியும் பிடித்தார்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது எனக்காக பஸ்ஸ நிறுத்தினியா? இப்ப மட்டும் என்னை நிறுத்துறியா?"

இன்னோர் அடி. அவள் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டலை வாங்கியதில்லை. அதை வாங்கிக்கொண்டு அடுத்த பிணத்துக்குப் போய்விட்டாள்.

செத்தவர்களுக்காகப் பைப் வாத்தியம் வாசித்து முடித்ததும் தளபதி வழக்கம்போலக் கத்தினார்: "செத்தவங்கல்லாம் எழுந்திருங்க!" எல்லாரும் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். டூகல் எழவில்லை.

ஆம்புலன்ஸ் அவரைக் காலுறையோடு கொண்டுபோனது. பக்கவாதம். உயிர் தப்பியது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன. கேட்டவர்களிடமெல்லாம் கிர்ஸ்டீன், "சாதாரணமா விழுந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். ஷூக்களை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சூப் கிண்டும்போதெல்லாம் அந்தக் கைதட்டல் கேட்டது. குற்ற உணர்ச்சி அவளை அரித்துத் தின்றது. தின்னட்டும் என்றுதான் அவளும் இருந்தாள்.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் ஷூக்களை எடுத்துக்கொண்டு டூகல் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ரோனா கதவைத் திறந்ததும் இவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீயாவது அந்த நேரத்துல அவர் பக்கத்துல இருந்தியே கிர்ஸ்டீன். அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன்."

டூகல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஷூக்களைப் பார்த்ததும், அருகில் நின்ற ரோனாவின் பாவாடையை இடக்கையால் பிடித்து இழுத்தார். பிறகு விட்டுவிட்டு, மடியில் கிடந்த செத்த கையைப் பட்டென்று அடித்தார். மறுபடியும் பாவாடை. மறுபடியும் அடி.

"தெனம் இதேதான்," என்றாள் ரோனா. "தண்ணி வேணுமா, குளிருதான்னு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. என்னமோ சொல்ல வர்றாரு. பாழாப்போன எனக்குத்தான் புரியல."

அது என்னவென்று புரிந்தவள் ஒருத்திதான். பேசாமல் ரோனா தரும் தேநீரைக் குடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"ரோனா, அவரு என்னைத்தான் சொல்றாரு," என்றாள். பாவாடையைப் பிடித்தது, இவள் அடித்தது, கூட்டம் சிரித்தது, மறுபடி அடித்தது, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ரோனா கத்தவில்லை. ஷூக்களை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் அப்படியே கெடந்தாரு?"

"ஜனங்க சிரிச்சு ஓஞ்சு, பைப் வாசிச்சு முடிக்கிற வரைக்கும்."

டூகலின் கை ரோனாவின் பாவாடையை விட்டது. அதற்குப் பிறகு அவர் அதைப் பிடிக்கவே இல்லை.