பெயர் சுரண்டிய டப்பாக்கள்

தொண்ணூறுகளின் நடுவில், நான் முக்கூடலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. அந்த வருடம் என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காலையில் எல்லாம் சரியாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் இடது இமை தானாக இறங்கும். கண் பாதி மூடிக்கொள்ளும். மதியப் பாடவேளையில் குரல் மூக்கு வழியாகப் போய்விடும். வேறு யாரோ எனக்குப் பின்னால் நின்று பேசுவது போல இருக்கும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். நானும் ஓரிரு முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். கரும்பலகைதான் இருந்தது. சாயங்காலம் சோற்றை மெல்லும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். சிரித்தால் உறுமுவது போலிருந்ததால் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். ஓர் ஊசி போட்டார். சில நிமிடங்களில் என் இமை, யாரோ விரலால் தூக்கியது போல மேலே போனது. கூட வந்த என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராத நோய் இது என்றார் டாக்டர். மாத்திரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, தவறாமல். தவறினால்? "நெஞ்சுத் தசையும் மறந்துரும்மா" என்றார். மூச்சு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

மாத்திரை திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்கவில்லை. சென்னையில் சொல்லி வைத்தால் வெளிநாட்டுச் சரக்கு பத்து நாளில் வரும். வந்தால் எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கும் தாங்காது. அப்போதுதான் என் கணவரோடு மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் மூலம் அந்தக் கப்பல்காரர் கிடைத்தார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். கொழும்பு, சிங்கப்பூர் என்று போய்வரும் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. டாக்டர் சீட்டின் நகலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், அடுத்த தடவை வரும்போது ஒரு டப்பா கொண்டுவந்தார். சென்னை விலையில் கால் பங்குகூட இல்லை. டாக்டர் மாத்திரையைப் புரட்டிப் பார்த்து, இதேதான் என்றார்.

டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் ஓர் இடம் மட்டும் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. அடுத்த டப்பாவிலும் அதே இடம். மூன்றாவது தடவை கேட்டுவிட்டேன்.

"அது ஒரு பொம்பள பேரு தங்கச்சி" என்றார். "சிங்கப்பூர்ல ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் தேய்க்குதா. நம்ம ஆளுகதான். உனக்கு வந்த சீக்குதான் அவளுக்கும். எனக்குக் கடையில தர மாட்டேங்கான். அவ சீட்டுக்கு விலையக் கொறச்சுத் தாரான். உன் ரூவாய வாங்கி, கூட ஒரு டப்பா சேத்து வாங்கித் தாரா. பேரு வெளிய தெரிஞ்சா அவளுக்குல்லா தொல்லை."

"அப்ப நமக்குச் சரக்கு அனுப்புத வெளிநாட்டுக் கம்பெனி பாத்திரம் தேய்க்குதுன்னு சொல்லும்வே" என்றார் என் கணவர்.

"சிரிக்காதயும். அந்தக் கம்பெனிக்கும் மத்தியானம் ஆச்சுன்னா கண்ணு விழுந்துரும். தங்கச்சிக்கு இடது. அவளுக்கு வலது. ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தினா முழுசா ஒரு முகம் தேறும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். அன்றிலிருந்து கண்ணாடி முன் நிற்கும்போது என் இடது பாதியைக் கையால் மறைத்துப் பார்ப்பேன். பிறகு வலது பாதியை. எது நான், எது அவள் என்று ஒரு நொடி குழம்பும்.

அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. காலை ஆறு மணிக்கு நான் மாத்திரையை விழுங்கும்போது அவள் அந்த நாளுக்குள் ஏற்கெனவே கொஞ்ச தூரம் போயிருப்பாள். எனக்கு முன்னால் ஒருத்தி நடந்துபோய், பள்ளம் மேடு பார்த்துவைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். முகம் தெரியாத, பெயர் சுரண்டப்பட்ட ஒருத்தி. டப்பா மூடியைத் திறந்தால் தலைவலித் தைல வாசனை மெல்ல வரும். அது அவள் கை வாசனை.

ஒரு தடவை அவளுக்குப் பனங்கற்கண்டு கொடுத்தனுப்பினேன். பதில் கப்பல்காரர் வாயில் வந்தது: "மெல்ல வேண்டாம், வாயில போட்டா கரையுது, தாடைக்கு வேலை இல்லை, அத தெரிஞ்சுதான் குடுத்திருக்கான்னு சொன்னா." உலகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை என்று பட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. ஒரு மார்கழியில் கப்பல்காரர் துணிப்பையோடு வந்தார். உட்காரவில்லை. பைக்குள் ஏழு டப்பாக்கள். எதிலும் பெயர் சுரண்டப்படவில்லை.

"இனி பேரு தெரிஞ்சா யாருக்குத் தொல்லை" என்றார். அவளுக்குச் சளி கட்டி, இருமித் துப்பத் தெம்பில்லாமல் மூச்சு நின்றுவிட்டதாம். "வீட்டுல இருந்த டப்பா எல்லாத்தையும் அவ புருசன் தூக்கித் தந்துட்டாரு. ரூவா வேண்டாம்னுட்டாரு."

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று அதை வாசித்தேன். கீழே வயதும் இருந்தது. என் வயதுதான்.

அதற்குப் பிறகு மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நடந்துபோனவள் பாதையில் எங்கோ நின்றுவிட்டாள். அந்த இரண்டரை மணி நேரம் காலியாக இருந்தது. வகுப்பில் என் குரல் மூக்கில் ஏறும்போது, இது அவள் குரலோ என்று கேட்டுக்கொண்டே பாடம் நடத்தினேன். பழைய டப்பாவில் மீதி இருந்தவற்றை மட்டும் விழுங்கினேன். புது டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாது. சாயங்காலமானால் அந்த இடுக்கிலிருந்து தைல வாசனை வந்தது. அத்தைக்கும் வந்தது.

அத்தை என்றால் என் மாமியார். மூன்றாம் நாளே சொல்லிவிட்டாள். "ஏளா, மூச்சு முட்டிச் செத்தவ சாமான் வீட்டுல இருக்கப்படாது. அதுவும் உன் சீக்குக்காரி. அவ உன்னத் தொணைக்குக் கூப்பிடுதா. செத்தவுக துணிமணிய எங்கன விடுதோமோ அங்கன கொண்டு விட்டுட்டு வா."

பாபநாசத்தில் ஆற்றில் விடுவார்கள். இறந்தவர் சேலை, வேட்டி, கட்டிலில் விரித்த போர்வை. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தலைக்கு மேல் பின்னால் எறிய வேண்டும். எறிந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் முறை. மாத்திரையை அப்படி யாரும் விட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் எனக்கு அது சரியென்றே பட்டது. படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறவள், தலையை ஆட்டினேன். கடன் வாங்கிச் சென்னையில் சொல்லிவைத்தாகிவிட்டது, வரும் வரை பழைய டப்பா போதும் என்று கணவரும் சம்மதித்தார்.

தை அமாவாசைக்கு அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மறுநாள் போனோம். அத்தை பையைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

பாபநாசம் அன்று வெறிச்சென்று இருந்தது. முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன துணிகள் மட்டும் ஆறு முழுக்க. பாறைகளில் சேலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒரு வெள்ளை வேட்டி தண்ணீருக்கடியில் கால் நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தது. ஒரு சிவப்புச் சேலை பாறையைக் கட்டிக்கொண்டு விடாமல் இருந்தது. மேலே வெயில், ஆனால் அந்த இடத்தில் நூறு பேர் படுத்துக் கிடப்பது போன்ற ஓர் அமைதி.

கடைசிப் படியில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பைக்குள் கைவிட்டுக் கைக்கு வந்ததைப் பின்னால் எறிந்தேன். பார்த்து எறியவில்லை. ஒவ்வொன்றும் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பை காலியானதும் அதையும் எறிந்துவிட்டுப் படி ஏறினேன். பாதிப் படியில் மாத்திரை நேரம் வந்தது. இமை இறங்கிவிட்டிருந்தது. கழுத்து கனத்தது. கைப்பையைத் திறந்தால் பழைய டப்பா இல்லை. கணவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கைப்பையை அத்தைதான் எடுத்துத் தந்திருந்தாள். "அதுவும் அவ வாங்கினதுதானளா" என்று நாங்கள் வீடு திரும்பியபின் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டிருக்கிறாள். நான் துழாவித் துழாவி, என் கையாலேயே, பார்க்காமல், ஆற்றில் எறிந்திருக்கிறேன்.

முறை தெரியும். இருந்தும் திரும்பிப் பார்த்தேன்.

எட்டு டப்பாக்களில் ஒன்றுகூடப் போகவில்லை. பாறைக்கும் படிக்கும் நடுவே ஒரு சுழல். அதில் அவை மெல்ல வட்டமடித்துக்கொண்டிருந்தன. நான் பார்க்கப் பார்க்க ஒன்று சுழலைவிட்டு வந்து, நான் நின்று எறிந்த கடைசிப் படியில் முட்டியது. பிறகு இன்னொன்று. பெயர் இருந்த பக்கம் மேலே திரும்பியிருந்தது.

எடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். சத்தம் வரவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றது. அவரும் அசையவில்லை. அவருக்கும் பயம். செத்தவளுக்கு விட்டதை எப்படித் திரும்ப எடுப்பது?

கீழே இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றிருந்தார். நீளமான கம்பு, நுனியில் கொக்கி. ஆற்றில் விட்ட துணிகளை இழுத்து, அலசி, விற்கிறவர். எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, டப்பாவ விட்டுருக்கிய? சேலை கீலை இல்லையா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். கணவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: செத்தவளின் மருந்து, இவளுக்கும் அதே மருந்து, இப்போது வேண்டும்.

அவர் கம்பை நீட்டி ஒன்றை இழுத்தார். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரம் இல்லை.

"பாத்துக்கிடும். ஆறே வேண்டாங்குது" என்றார். கணவர் கை நீட்டத் தயங்கியதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்பொஞ்சாதி உடுத்தியிருக்கது இங்கன விட்ட சேலைதான்வே. எந்த மகராசி சேலையோ. பதினஞ்சு வருசமா உடுத்துதா. ஒருத்தியும் வந்து திருப்பிக் கேட்டதில்ல. பிடியும்."

கணவர் படியில் கூழாங்கல்லால் மாத்திரையைப் பொடித்தார். டப்பா மூடியில் ஆற்றுத் தண்ணீரில் கரைத்து, என் தலையைத் தாங்கி, சொட்டுச் சொட்டாக விட்டார். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. துணிக்காரர் மிச்ச டப்பாக்களை ஒவ்வொன்றாக இழுத்துப் படியில் அடுக்கிக்கொண்டே, "பைய, பைய" என்றார். மெதுவாக என்று அவர் யாருக்குச் சொன்னார், தெரியவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது.

அரை மணி ஆகியிருக்கும். இமை மேலே போனது. மறுகரையில் ஒரு பெண், துணிக்காரரின் மனைவிதான் போல, பாறையில் சேலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உடுத்தியிருந்தது மஞ்சள் சேலை. வேறொருத்தியின் சேலையில் அவள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்துகொண்டிருந்ததை, ஆற்றுக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அத்தை அலமாரிக் கதவு சாத்தும்படி ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்தாள். டாக்டரிடம் காட்டி, நனையாதவற்றை மட்டும் பல மாதம் விழுங்கினேன். ஆறு மணிக்கு ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரை ஒரு முறை வாசித்துவிட்டு.

இப்போது அதே மாத்திரை நம் நாட்டிலேயே செய்து பக்கத்துக் கடையில் விற்கிறார்கள். கடல் தாண்டி, அடுத்தவர் சீட்டில் மருந்து வாங்குங்கள் என்று இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிவரும் டப்பாவில் எந்தப் பெயரும் இல்லாதது என்னவோ போலிருக்கிறது. அந்த வெற்று இடத்தைப் பெருவிரலால் ஒரு முறை தடவிப் பார்க்காமல், என் மூச்சு முழுக்க என்னுடையதுதான் என்று நம்பி மூடியைத் திறக்க இன்றுவரை எனக்கு முடிந்ததில்லை.