கூரையில் ஒட்டிக்கொண்ட ஆகாயக் கப்பல்

ஐந்தாம் வகுப்பில் மனிதன் பறக்கத் தொடங்கிய கதையை ஒரு மாதம் படித்தோம். முடிவில் ஆளுக்கொரு மாதிரி செய்து, பெற்றோர் முன்னால் பறக்கவிட்டுப் பேச வேண்டும். முதல் எஞ்சின் விமானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஆகாயக் கப்பல் வந்தது. விமானத்துக்கு முன்பே எஞ்சின் வைத்துப் பறந்தது அதுதான் என்று டீச்சர் சமாதானம் சொன்னார். நான் சமாதானமாகவில்லை. படத்தில் அது ஒரு பெரிய சுரைக்காய் மாதிரி இருந்தது.

அமெரிக்காவில், சன்னிவேலில் எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் ஏறினால், அந்தக் காலத்து ஆகாயக் கப்பலை நிறுத்திவைக்கக் கட்டிய ராட்சதக் கொட்டகை தெரியும். "எவ்ளோ பெருசு பாரு" என்பார் அப்பா. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது; அவர் சாஃப்ட்வேர். ஆனாலும் என் புராஜெக்டை அவர்தான் கையில் எடுத்தார். ஸ்ட்ராக்களால் சட்டம் கட்டி, டிஷ்யூ பேப்பர் சுற்றி, உள்ளே பத்து ஹீலியம் பலூன்களைத் திணித்தார். கையை விட்டதும் கப்பல் சீலிங்கில் போய் முட்டியது. அடியில் ஸ்டேப்ளரைக் கட்டினார். தொப்பென்று விழுந்தது. இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா அதே கையோடு வந்தாள். ஒரு பேப்பர் கப்பைக் கப்பலுக்கு அடியில் தொங்கவிட்டு, கோலிக்குண்டு அளவு மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாக அதில் போட்டாள். பதினோராவது உருண்டைக்குக் கப்பல் ஏறாமல் இறங்காமல் ஹாலின் நடுவில் நின்றது.

"அப்பல்லாம் மணல் மூட்டை வெச்சிருப்பாங்க. மேல போகணும்னா கொஞ்சம் கொட்டுவாங்க" என்றாள். "காலைல கேஸ் கசிஞ்சு கப்பல் தரையில கிடக்கும். ஒவ்வொரு உருண்டையா எடு, தானா மிதக்கும். எல்லாத்தையும் எடுத்துடாத."

"ஹௌ டு யூ நோ?" என்று கேட்டேன். அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் அவள் சொன்னபடிதான் நடந்தது. எட்டு மணிக்குப் பள்ளி ஹாலில் எட்டு உருண்டைகளை எடுத்ததும் கப்பல் மிதந்தது. மிச்சம் மூன்று. ஒரு பையன் கப்பை எட்டிப்பார்த்து, "ஈயூ, இஸ் தட் ஃபுட்?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த மூன்றையும் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கப்பல் என் கையைவிட்டு எழும்பி, ஹால் கூரையின் உத்தரங்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டது. பள்ளியிலிருந்த ஏணி எட்டவில்லை. நீளக் கழியால் குத்தி இறக்கிவிடலாம் என்றார் துப்புரவுக்காரர். நான் அழ ஆரம்பித்தேன். டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தார்.

காரை அப்பா எடுத்துப் போயிருந்ததால் அம்மா நடந்தே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"மொத்தத்தையும் கொட்டிட்டியாடி?"

தலையை ஆட்டினேன். திட்டவில்லை. எத்தனை மணிக்கு எத்தனை உருண்டை எடுத்தேன் என்று மட்டும் கேட்டு, என் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பதினாலு மணி நேரத்தில் எட்டு உருண்டை அளவுக்கு கேஸ் கசிந்திருக்கிறது. மூன்று உருண்டை அளவு கசிய ஐந்தேகால் மணி நேரம். பிறகு டீச்சரிடம், யாரும் குத்த வேண்டாம், ஒன்றேகாலுக்கு அதுவே இறங்கிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடையில் பேசும்போதுகூட அப்பாவை முன்னால் விடுகிறவள். அன்று அவள் குரல் தணியவே இல்லை.

எங்கள் வகுப்பு ஒரு மணிக்கே ஹாலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து அண்ணாந்திருந்தோம். ஒன்று இருபதுக்குக் கப்பல் உத்தரத்தைவிட்டு நழுவி, யாரையோ தேடுகிற மாதிரி மெதுவாகக் கீழே வந்தது. வகுப்பே கத்தியது. மூக்கைப் பிடித்தவனும் கத்தினான். இரண்டு மணிக்கு என் முறை வந்தபோது, தரையில் உட்கார்ந்துவிட்ட கப்பலிலிருந்து அம்மா பேப்பர் கப்பையும் கழற்றிவிட்டாள். அது என் தோளுயரத்துக்கு எழும்பி நின்றது. பேசி முடித்தேன்.

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எஞ்சினியரா என்று கேட்டார்.

"ஐ வாஸ்" என்றாள் அம்மா. பெங்களூரில் ஆறு வருடம் விமான இறக்கைகளுக்கு டிசைன் போட்டாளாம். அப்பாவின் விசாவோடு இங்கே வந்ததால் வேலை பார்க்க அனுமதி இல்லையாம். அன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் ஆங்கிலத்தைத் திருத்தினேன். "அம்மா, 'ஐ வாஸ்' இஸ் ராங். 'ஐ ஆம் அன் எஞ்சினியர்'னு சொல்லணும்."

அவள் சிரித்தாள். சிக்னல் விழும்வரை எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரீன் கார்டு வரட்டும். அப்ப சொல்றேன்."

ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்வதற்கு எதற்காக ஒரு கார்டு வரவேண்டும் என்று யோசித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தேன்.