தனுஷ்கோடிக்கு முந்தின ஸ்டேஷன்

என் மாமனார் நமச்சிவாயத்தோடு ஒரே வீட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். வீட்டோடு மாப்பிள்ளை. அப்படி நச்சரிக்கிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கு மேலே அவர் குரல் கேட்கும். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க மாப்ள." பக்கத்திலிருக்கிற முசரவாக்கத்துக்குப் போனால்கூட ஒரு பூத்தைத் தேடிப் பிடித்து, "மாமா, வந்துட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசலுக்கும் போனுக்குமாக நடப்பார். டீ குடித்தாலாவது கொஞ்சம் உட்காருவார் என்றால், அதையும் தொட மாட்டார். வயிற்றுக்கு ஆகாதாம்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்து ரயில்வேக்குப் போனவர். முதல் உத்தியோகம் தனுஷ்கோடி துறைமுகத்தில். அதைக் கட்டினதே ரயில்வேக்காரன்தான் என்பார். 1914லிருந்து எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். ரயில் நேரே கப்பல் பக்கத்தில் போய் நிற்கும். இறங்கிக் கப்பல் ஏறினால் அந்தக் கரையில் தலைமன்னார்; அங்கே இன்னொரு ரயில் காத்திருக்கும். இந்தப் பக்கம் மணலில் சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்யாணத்துக்குப் போகும் நம்மூர்ப் பட்டுப் புடவையைச் சுங்கக்காரன் கலைத்துப் போட்டால் இவருக்கு வயிறு எரியுமாம். உட்கார்ந்து பழையபடி மடித்துக் கொடுப்பாராம். 64 டிசம்பர் புயலோடு அத்தனையும் போயிற்று. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, சுமார் இருபது வருஷம் ஓடி, அதுவும் நின்றது. இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லுவார். புயலன்று தான் எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொன்னதில்லை.

2004 மார்கழியில் தெருப் பெண்கள் நாற்பது பேர் ராமேஸ்வரத்துக்கு பஸ் பிடித்தார்கள். என் மனைவி காயத்ரியும் கிளம்பினாள்.

"ஞாயித்துக்கிழம காலையில தனுஷ்கோடிக்குப் போயி தலை முழுகுறோம்பா" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "போனதும் போன் பண்ணு. முழுகிட்டுத் திரும்பி வந்ததும் பண்ணு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஏற்றிவிடும்போது காயத்ரியிடம், "நீ ஒரு போனும் பண்ணாத. அப்பத்தான் உங்கப்பாவுக்கு இந்தப் பழக்கம் வுடும்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சனிக்கிழமை முழுக்க போன் வரவில்லை. கிழவர் நடையாய் நடந்தார். நன்றாக நடக்கட்டும் என்று தறியில் உட்கார்ந்திருந்தேன், பாவி.

ஞாயிறு காலை டிவியைப் போட்டால் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்கிறான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம். ராமேஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களோடு போயிருந்த பஸ் ஏஜென்ட் கலியாணசுந்தரத்தின் செல்லுக்கு அடித்து அடித்து விரல் வலித்தது. பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "லைன் ஜாமாயிருக்கும் மாமா. ஊரே போன் பண்ணிக்கினு இருக்குது" என்றேன்.

"வாய மூடு."

பத்து வருஷத்தில் 'மாப்ள' போடாமல் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"அன்னிக்கி நானும் இப்டித்தான் சொன்னேன்" என்றார்.

அப்போது அவர் தனுஷ்கோடிக்கு முந்தின ஸ்டேஷனில் உதவி மாஸ்டர். வண்டியை அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று அடுத்த ஸ்டேஷன் தந்திக் கம்பி வழியாக மணி அடிக்க வேண்டும். அதுவரை அந்த வண்டி அனுப்பினவன் பொறுப்பு. புயல் ராத்திரி ஒரு வண்டியை அனுப்பியிருக்கிறார். மணி வரவில்லை.

"காத்துல கம்பி அறுந்திருக்கும்னு சொல்லிட்டு டீ குடிச்சேன் மாப்ள. வண்டி நெறைய ஜனம். ஒருத்தர் மிஞ்சல. வெடிஞ்சப்புறந்தான் தெரிஞ்சிது. நான் ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "மாமா, நான்தான் அவள போன் பண்ணாதன்னு சொல்லி அனுப்பினேன்" என்றேன். செருப்பைக் கழற்றி அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீங்க சொன்னதாலதான் பண்ணல. அவளுக்கு ஒண்ணும் ஆவலன்னும் இருக்கலாம், இல்லியா?"

"ஆமா மாமா."

என்னுடைய புத்திகெட்ட வேலை ஒன்றையே நம்பி இரண்டு பேரும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அடுப்பு மூட்டவில்லை.

மூன்று மணிக்கு மேல் போன் அடித்தது. காயத்ரிதான். "தனுஷ்கோடிக்கே போவல. கடல் உள்ள போயிட்டுதுன்னு வேன்காரன் பாதியில திருப்பிட்டான். காலையிலேர்ந்து பூத்துல நிக்கிறேன், லைனே கெடைக்கல."

"நான்தான் பண்ணாதன்னேனே?"

"நீங்க சொல்லுவீங்க. எங்கப்பா கத எனக்குத் தெரியாதா? நேத்து உங்க பேச்சக் கேட்டதே தப்பு. அப்பா கிட்ட குடுங்க."

அவர் இரண்டு கையாலும் ரிசீவரை வாங்கினார். "எல்லாரும் சேந்துட்டாங்களாம்மா?"

"நாப்பது பேரும் சேந்துட்டோம்பா." பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"இன்னொரு தபா சொல்லுமா."

"நாப்பது பேரும் வந்து சேந்துட்டோம்பா."

அந்த மனுஷன் விக்கி விக்கி அழுதார். அவள் வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் மெதுவாக வாங்கி வைத்தேன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீ போடுங்க மாப்ள. எனக்கும்."